எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு விலங்கு நட்புக் கதை எழுதுறது எப்படி: ஆலமரத்துல ஆரம்பிச்சு ஸ்டேப்ளர் பின் வரைக்கும்

ரெண்டாப்பு முடிச்சு மூணாப்பு போற வயசு ஒரு ரெண்டுங்கெட்டான் வயசுங்க. பக்கத்துக்கு ஒரு வரி இருக்கிற படப் புத்தகத்த குடுத்தா "இது பாப்பா புக்கு"னு மூஞ்சிய திருப்பிக்குதுக, சரின்னு கொஞ்சம் கனமான புக்க குடுத்தா மூணாவது வரியில எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி மூச்சு வாங்கி, தண்ணி குடிக்கணும்னு எந்திரிச்சு போனது போனதுதான். நடுவுல ஒரு படிக்கட்டு வேணும். சின்னச் சின்ன அத்தியாயமா பிரிச்சு, பெரிய எழுத்துல, அங்கங்க படத்தோட, "நான் ஒரு முழு புக்கு படிச்சிட்டேன்"னு பிள்ளை நெஞ்ச நிமித்துற மாதிரி ஒண்ணு. தமிழ்ல அந்த நடுப்படிக்கட்டு கடைகள்ல தேடித்தான் எடுக்கணும், அதுலயும் எங்க வீட்டு சின்னதுக்கு புடிச்ச மாதிரி, அதாவது விலங்கு இருக்கணும், சண்டை இருக்கக்கூடாது, யாரும் சாகக்கூடாது, அப்படி கேட்டா கைய விரிக்கிறாங்க. அதனால நானே எழுதுனேன். ரெண்டு தடவ சொதப்பி மூணாவது தடவ ஒப்பேறுச்சு. எப்படின்னு வரிசையா சொல்றேன், நீங்க சொதப்புறத கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம்.

மொதல்ல பிள்ளைய படிங்க, அப்புறம் கதைய யோசிங்க

உங்க பிள்ளை எந்த இடத்துல நிக்குதுன்னு தெரியாம எழுத உக்காந்தா வீணாப் போகும். அஞ்சு விரல் சோதனைன்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப ஈஸி. ஏதாவது ஒரு புக்குல ஒரு பக்கத்த படிக்க சொல்லுங்க, தடுக்குற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரல மடக்க சொல்லுங்க. ஒரு விரல் கூட மடங்கலேன்னா ரொம்ப லேசு, அஞ்சும் மடங்கிருச்சுன்னா அது இப்போதைக்கு வேண்டாம், ரெண்டு மூணு மடங்குனா அதுதான் நமக்கு வேண்டிய அளவு. நம்ம அரசுப் பள்ளிக்கூடத்து வாசிப்பு இயக்கத்துல புத்தகங்கள நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருக்காங்க, நல்ல பேரு வச்சிருக்காங்க. நம்ம எழுதப் போறது "நட"க்கும் "ஓடு"க்கும் நடுவுல வரும்னு வச்சுக்கங்க.

இன்னொண்ணு, எந்த எழுத்துல தடுக்குதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கங்க. எங்க வீட்டுல கௌதாரின்னு ஒரு வார்த்தை வந்துச்சு, பிள்ளை "கெ...ள...தா...ரி"ன்னு படிச்சுட்டு "அம்மா கெளதாரின்னா என்ன"ங்குது. தப்பு அவ மேல இல்ல, அந்த ஔகாரக் குறிக்கு பின்னாடி வர்ற கால் அச்சு அசலா ள மாதிரிதான் இருக்கு. கொ, கோ இதெல்லாமும் எழுத்துக்கு முன்னாடி ஒரு குறி பின்னாடி ஒரு குறின்னு வர்றதால கெ-யா கொ-வான்னு கண்ணு தடுமாறும். இதுகள ஒரேயடியா ஒதுக்க வேண்டாம், கதாபாத்திரத்தோட பேர்லயே ஒண்ணு வச்சுட்டா நூறு தடவ கண்ணுல பட்டு தானா பழகிரும். நான் அப்படித்தான் கோ-வ பழக்குனேன், கீழ வருது பாருங்க.

வாரம் ஒரு தடவ எங்க மதுரையில புதுநத்தம் ரோட்டுல இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு கூட்டிட்டு போவேன். 2023 ஜூலையில திறந்தது, குழந்தைகளுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. அங்க நீங்க செய்ய வேண்டிய வேலை, பிள்ளை எந்த புக்க எடுத்துச்சுங்கறத விட எந்த புக்க பாதியில வச்சுட்டு எந்திரிச்சுச்சுன்னு பாக்குறது. வச்சுட்டுப் போன பக்கத்த திறந்து பாருங்க, எனக்கு அங்கிட்டு பாதி பாடம் கிடைச்சுச்சு. முக்காவாசி நேரம் அது ஒரு நீளமான பத்தியாத்தான் இருக்கும்.

விலங்க வீட்டு மாடியில தேடுங்க

என்னோட மொத சொதப்பல் இதுதான். சிங்கமும் முயலும்னு ஆரம்பிச்சேன். மதுரையில எங்கிட்டு இருக்கு சிங்கம்? எனக்கும் அதப் பத்தி ஒண்ணும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, அதனால அந்த சிங்கம் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரியே பேசுச்சு. கதை செத்துருச்சு.

ஒரு வாரம் எழுதாதீங்க, சும்மா பாருங்க. மாடியில அணில் எத்தன மணிக்கு வருது, தண்ணித் தொட்டியில காக்கா முதல்ல குடிக்குதா மைனா முதல்ல குடிக்குதா, தெருவுல அந்த செவலை நாய் எந்த வீட்டு வாசல்ல மட்டும் படுக்குது. பிள்ளையையும் கூட வச்சுக்கிட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. கொஞ்சம் வெளிய போக முடிஞ்சா இன்னும் நல்லது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கு, 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட மொத பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, பாறையும் குளமும் வல்லூறும் தேவாங்குமா இருக்கிற இடம். திருப்பத்தூர்ப் பக்கம், நம்ம சிவகங்கை திருப்பத்தூர்தான், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு, அங்க கொள்ளுகுடிப்பட்டி சனங்க பறவைக பயந்துரும்னு தீபாவளிக்கு வெடியே வெடிக்கிறதில்ல. இத சொன்னப்ப எங்க வீட்டு சின்னது "அப்ப பறவைகளுக்கு அவங்க ஃப்ரெண்டா"ன்னு கேட்டா. கேள்வி நல்லாருந்துச்சு, நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன், அடுத்த கதைக்கு ஆகும்.

வில்லன் வேண்டாம், சுபாவம் போதும்

நான் சொல்ல வந்ததே இதத்தான், மத்ததெல்லாம் சுத்து வேலை. நட்புக் கதைன்னதும் நமக்கு உடனே கை போறது ஏமாத்துற நரி, வலை விரிக்கிற வேடன். அதுல ஒண்ணும் தப்பில்ல, நம்ம தாத்தா காலத்துக் கதையில காக்கா, எலி, ஆமை, மான் நாலும் சேர்ந்து வலைய அறுத்து தப்பிக்கிறது இன்னைக்கும் ருசியாத்தான் இருக்கு. ஆனா அது சொல்லிக் கேக்குற கதை, நம்ம குரல் ஏத்தி இறக்கி, மடியில வச்சுக்கிட்டு சொல்றோம், பயம் வந்தா நம்மள கட்டிப் புடிச்சுக்கலாம். தானா தனியா எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு படிக்கிறதே ஒரு மல்லுக்கட்டு. அதுக்கு மேல கதையிலயும் ஒருத்தன் கத்தி எடுத்துக்கிட்டு வந்தா ரெண்டையும் சேத்து தாங்காது.

அப்ப கதையில என்னதான் நடக்கும்? ரெண்டு விலங்கோட சுபாவத்த பக்கத்துல பக்கத்துல வைங்க, இடைஞ்சல் தானா வரும். ஒண்ணு என்ன திங்கும், எப்ப தூங்கும், எவ்வளவு வேகமா போகும், எதுக்கு பயப்படும், இந்த நாலு கேள்விக்கு ரெண்டுக்கும் பதில் எழுதி எதிர் எதிரா வச்சுப் பாருங்க.

நத்தைகுத்தி நாரைக்கு அலகு நடுவுல ஒரு இடைவெளி இருக்கும், நத்தைய புடிக்க வாகா. ஆனா குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். அப்ப ஒரு குஞ்சு தன் அலகையும் அம்மா அலகையும் பாத்து "எனக்கு மட்டும் ஏன் மூடிக்கிது"ன்னு கவலப்பட்டா, பக்கத்துக் கூட்டுல வேற சாதி கொக்குக் குஞ்சு "எனக்கும்தான் மூடுது, வா ஒண்ணா மூடிக்கிட்டு இருப்போம்"னா, ஒரு புக்கு ரெடி. மயிலுக்கு வருஷத்துக்கு ஒரு தடவ தோகை பூரா உதிர்ந்து மறுபடி முளைக்கும், உதிர்ந்த மாசத்துல அது வெளிய வர வெக்கப்பட்டா அதோட ஃப்ரெண்டு என்ன செய்யும்? மாடு மேயும்போது உண்ணிக்கொக்கு கூடவே நடக்கும், மாட்டுக் காலு பட்டு புல்லுல இருந்து கிளம்புற வெட்டுக்கிளிய புடிச்சு திங்கும். மாடு ஒரு நாள் படுத்துக்கிட்டா கொக்கோட பாடு? இதுல எங்கயும் கெட்டவன் இல்ல பாருங்க. ஆனா கதை இருக்கு.

பூனையும் எலியும் ஃப்ரெண்டுங்கற மாதிரி எழுதுறதுல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. ஏழு வயசுப் பிள்ளை கண்டிப்பா "அப்ப பூனை ராத்திரிக்கு என்ன சாப்டும்"னு கேக்கும், நீங்க முழிப்பீங்க. பால் சாதம்னு ஒரு தடவ சமாளிச்சேன், நம்பல.

நான் எடுத்த ஜோடி அணிலும் தேவாங்கும். அணில் பகல்ல, தேவாங்கு ராத்திரியில. அணில் விறுவிறு, தேவாங்கு பைய பைய. அணில் பழம் கொட்டை, தேவாங்கு பெரும்பாலும் பூச்சி. அணிலுக்கு வாலுதான் அழகே, தேவாங்குக்கு வாலே கிடையாது. இத எழுதி வச்சுட்டு பாத்தா பாதிக் கதை அங்கனயே உக்காந்திருக்கு. பேரும் அதுலயே வந்துருச்சு, அணிலுக்கு வாலு, தேவாங்குக்கு கண்ணு கோலிக்குண்டு மாதிரி இருக்கிறதால கோலி. நம்ம ஊர்ல மெலிஞ்ச பிள்ளைய பாத்து "தேவாங்கு மாதிரி இருக்கான்"னு திட்டுறது ஒரு பழக்கம், மூடநம்பிக்கையில அத புடிச்சு கொடுமையும் பண்ணிருக்காங்க, வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல்ல வச்சு பாதுகாக்குற உயிரு அது. அந்தத் திட்டு வார்த்தைய ஒரு பிள்ளைக்கு செல்லப் பேரா மாத்திக் குடுக்கலாம்னு எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான்.

அத்தியாயமா பிரிக்கிறது

ஆறு அத்தியாயம் போதும். ஒவ்வொண்ணும் 250 வார்த்தைக்குள்ள. இங்கிலீஷ் புக்க பாத்து ஆயிரம் ஐநூறுன்னு போயிறாதீங்க, தமிழ்ல ஒரு வார்த்தைக்குள்ளயே மூணு வார்த்தை மடிஞ்சு கிடக்கும், கணக்கு வேற. எங்க வீட்டுல 250 வார்த்தைக்கு பத்து நிமிஷம் ஆச்சு, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவுல சரியா பொருந்துச்சு.

என்னோடத அப்படியே சொல்லிர்றேன். ஒண்ணு, அந்தி நேரம், வாலு தன் கூட்டுக்கு போகுது, கிளைக்கு நடுவுல ரெண்டு கோலிக்குண்டு தெரியுது, பக்கத்துல போனா அது கண்ணு. ரெண்டு, வாலு "உன் வால் எங்கே"ன்னு கேக்க, தொலஞ்சு போச்சு போலன்னு ரெண்டும் மரம் பூரா தேடுதுக. இந்த இடத்துல பிள்ளைக விழுந்து விழுந்து சிரிக்கும், நீங்க விளக்கம் சொல்லிக் கெடுத்துறாதீங்க. மூணு, விருந்து. வாலு ஆலம்பழம் குடுக்குது, கோலி ஒரு வெட்டுக்கிளி குடுக்குது, ரெண்டும் மரியாதைக்கு "அப்புறம் சாப்பிடுறேன்"னு ஒளிச்சு வைக்குதுக, நம்ம சொந்தக்காரங்க வீட்டுல செய்றதுதான். நாலு, மத்தியானம் மேல பருந்து வட்டம் போட, வாலு கீச்சு கீச்சுன்னு கத்தி எல்லாருக்கும் சொல்லுது. அணில் நெசமாவே அப்படித்தான் கத்தும். கோலி தூக்கம் போச்சு, கோவத்துல ஒரு வார்த்தை விட்டுருது. அஞ்சு, வாலு அன்னைக்கு அந்திக்கு வரல. கோலி தேடிப் போகுது, பைய பைய, பக்கத்துக் கிளைக்குப் போய் சேர்றதுக்குள்ள விடிஞ்சு போச்சு. வாலு கண்ண முழிச்சா வாசல்ல கோலி. ஆறு, ரெண்டும் விளக்கு வைக்கிற நேரத்துல சந்திக்கிறதுன்னு முடிவு பண்ணுதுக, ஒண்ணுக்கு தூக்கம் வருது, ஒண்ணு இப்பத்தான் எந்திரிச்சிருக்கு, சும்மா உக்காந்திருக்குதுக.

அஞ்சாவதத்தான் ரொம்ப நாள் யோசிச்சேன். மன்னிப்பு கேக்குற வசனம் ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருந்தேன், அப்புறம் அடிச்சுட்டேன். ராத்திரி பூரா நடந்து வந்து நிக்குதே, அதுக்கு மேல என்ன வசனம்.

அத்தியாயம் முடியுற இடம் ஒரு சின்ன விஷயம், ஆனா கவனிங்க. படுக்கப் போற நேரத்துல படிக்கிற புக்குல மரக்கிளை முறிஞ்சு தொங்குற மாதிரி முடிச்சா பிள்ளை தூங்காது, நீங்களும் தூங்க முடியாது. அதே நேரம் ஒரேயடியா மூடிட்டா நாளைக்கு எடுக்காது. ஒரு சின்னக் கேள்வி மட்டும் மிச்சம் வைங்க. மூணாவது அத்தியாயம் எனக்கு இப்படி முடிஞ்சுச்சு: "வாலு பொந்தைப் பார்த்தது. வெட்டுக்கிளியைக் காணோம்."

வாக்கியம், இங்கதான் மெனக்கெடணும்

ரெண்டாவது சொதப்பல் இங்க. கதை நல்லாருந்துச்சு, மொழி காலை வாரிருச்சு. நான் மொதல்ல எழுதுனது இது:

"ஆலமரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு பழம் தின்றுகொண்டிருந்த வாலு, இருட்டத் தொடங்கிவிட்டதால் தன் கூட்டை நோக்கி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது."

படிக்க நல்லாத்தான் இருக்கு, நமக்கு. பிள்ளைக்கு? தமிழ்ல வினை கடைசியில வரும், அதனால யாரு என்ன செஞ்சான்னு தெரிய வாக்கியத்தோட வால் வரைக்கும் எல்லாத்தையும் தலையில தூக்கிக்கிட்டு வரணும். "ஓடிக்கொண்டிருந்தது" மட்டுமே பத்து எழுத்து, ஏழாவது எழுத்து வர்றப்ப முதல் எழுத்து மறந்துரும். மாத்துனது:

"வாலு மேலே இருந்தது. பழம் தின்றது. பொழுது சாய்ந்தது. 'ஐயோ, கூட்டுக்குப் போகணும்!' வாலு ஓடியது."

ஒரு வாக்கியத்துக்கு ரெண்டுல இருந்து ஆறு வார்த்தை, ஒரு வார்த்தைக்கு பெரும்பாலும் ஆறு எழுத்துக்குள்ள. கொண்டிருந்தது, விட்டதால், வேண்டியிருந்ததால், இந்த மாதிரி ரயில் பெட்டி வார்த்தைய எல்லாம் கழட்டி விட்டுருங்க. ஆனா ஒரே தாளத்துல போச்சுன்னா செக்கு மாடு சுத்துற மாதிரி ஆயிரும், அதனால பக்கத்துக்கு ஒரு வாக்கியம் மட்டும் கொஞ்சம் நீளமா விடுங்க, ஓடுற இடத்துலயோ தேடுற இடத்துலயோ. ஒரு பெரிய வார்த்தை வேணும்னே வச்சே ஆகணும்னா அதே வார்த்தைய அதே அத்தியாயத்துல மூணு தடவ கொண்டு வாங்க, மூணாவது தடவ பிள்ளை சரளமா படிச்சுட்டு உங்கள ஒரு பார்வை பாக்கும்.

அடுத்து ஒரு தமிழ்த் தலைவலி. விலங்குக்கு வந்தான் வந்தாள் போடுறதா, வந்தது போடுறதா? வந்தான்னா ஒரு ஒட்டுதல் இருக்கு. ஆனா எங்க அப்பத்தா கதை சொல்லிக் கேட்டிருக்கேன், காக்கா சொல்லுச்சாம், நரி கேட்டுச்சாம்னுதான் வரும், அதுல ஒட்டுதல் எங்கயும் குறையல. அதனால நான் வந்ததுன்னே வச்சுட்டேன். என்ன சிக்கல்னா ரெண்டு கதாபாத்திரமும் "அது"தான். "அது அதைப் பார்த்தது. அது சிரித்தது." எது சிரிச்சது? பெரியவங்களுக்கே குழம்பும். அதனால அதுவ முடிஞ்ச வரைக்கும் தூக்கிட்டு பேரையே திருப்பித் திருப்பி போடுங்க. நம்ம காதுக்கு சலிப்பா இருக்கும், பிள்ளைக்கு அது தெரிஞ்ச முகம், ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் ஒரு தைரியம். பேரும் ரெண்டெழுத்துல, ரெண்டும் வேற வேற எழுத்துல ஆரம்பிக்கிற மாதிரி வைங்க. மணி, மாரின்னு வச்சீங்கன்னா தொலஞ்சீங்க.

பேசுற இடத்துல யாரு பேசுறாங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க. வாலு கேட்டது, அப்புறம் பேச்சு. பேச்ச மொதல்ல போட்டு கடைசியில "என்று கோலி சொன்னது"ன்னு வச்சா, பிள்ளை வாலுவோட குரல்ல படிச்சுட்டு வந்து கடைசியில முழிக்கும்.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா

இதுக்கு எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. எங்க வீட்டுக்காரரு "ஸ்கூல்ல படிக்கிறது எழுத்துத்தமிழ், வீட்டுலயும் அதுவே படிச்சாத்தான் நல்லது"ங்கறாரு. எனக்கு, மேலூர்ப் பக்கத்து ஆலமரத்துல இருக்கிற அணில் "நீ எங்கே செல்கிறாய்"னு கேட்டா சிரிப்பு வருது. கடைசியா ஒரு பஞ்சாயத்துக்கு வந்தோம். கதை சொல்ற வரியெல்லாம் லேசான எழுத்துத்தமிழ், பேசுற வரி மட்டும் பேச்சுத்தமிழ், அதுலயும் எழுத்துக்கூட்ட சுலபமா இருக்கிற வார்த்தைதான். "எங்க போற?" சரி. "அங்கிட்டுப் போகாத!" சரி. "என்னாங்கறே" வேண்டாம், வாயில அழகா இருக்கும், கண்ணுக்கு கரடுமுரடு. ஒரே வார்த்தைய ஒரு பக்கத்துல "போகணும்"னும் அடுத்த பக்கத்துல "போவணும்"னும் எழுதாதீங்க, ஒண்ண புடிச்சா அதையே புடிங்க. என்னைய மாதிரி கண்டபடி டைப் அடிக்கிறவங்களுக்கு இது கஷ்டம்தான், பிள்ளைக்காக செய்ங்க.

சோகம் வரலாமா

வரலாம், பொழுது சாயற அளவுக்கு. மழை வரலாம், கூடு நனையலாம், ஃப்ரெண்டு வராம போகலாம், "என்னைய யாருக்கும் புடிக்கல"ன்னு ஒரு சாயங்காலம் இருக்கலாம். அம்மா செத்துப் போறது, ரத்தம், வேட்டை இதெல்லாம் வேற வயசுக்கு வேற புக்குல இருக்கட்டும். ஒரு விஷயத்துல மட்டும் நான் கறார். கூண்டுக் கிளி சந்தோஷமா பாட்டுப் பாடுற மாதிரி எழுதாதீங்க. மீனாட்சி கையில கிளி இருக்கிறதால மதுரையில கிளின்னா ஒரு தனிப் பிரியம், அது சரி, ஆனா பச்சைக்கிளிய கூண்டுல வளக்கிறது 1972 வனவிலங்குச் சட்டப்படி தப்பு. கிளி வேணும்னா தென்னை மரப் பொந்துல வைங்க, இல்ல கோயில் கோபுரத்து மேல பறக்க விடுங்க. அணில் குட்டிய வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வளக்குற கதையும் வேண்டாமே, மறுநாளே உங்க பிள்ளை மரத்துக்கு கீழ போய் நிக்கும்.

வாய் விட்டுப் படிச்சு, வெட்டி, மறுபடி படிச்சு

எழுதி முடிச்சதும் ரெண்டு நாள் தொடாதீங்க. அப்புறம் நீங்களே சத்தமா படிங்க, மூச்சு எங்க முட்டுதோ அங்க வாக்கியத்த வெட்டுங்க. அடுத்து பிள்ளைகிட்ட குடுங்க, ஆனா திருத்தக்கூடாது, பக்கத்துல பென்சிலோட உக்காந்து தடுக்குற இடத்துல ஒரு புள்ளி மட்டும். ஒரு பக்கத்துல அஞ்சு புள்ளி விழுந்தா பிள்ளை மேல தப்பில்ல, உங்க பக்கத்த மாத்துங்க. என் நாலாவது அத்தியாயத்துல "வட்டமிட்டுக்கொண்டிருந்த பருந்து"ன்னு இருந்துச்சு, புள்ளியா விழுந்துச்சு. "பருந்து சுற்றியது. மறுபடி சுற்றியது." முடிஞ்சு போச்சு.

படம், எழுத்து, பின்

பக்கத்துக்கு ஏறக்குறைய அறுபது வார்த்தை வைங்க. எழுத்து 18 பாயிண்ட், வரிக்கு நடுவுல ஒண்ணரை மடங்கு இடம், ஏன்னா தமிழ்ல இகர ஈகாரக் குறி மேல முட்டும், உகரம் கீழ தொங்கும், நெருக்கிப் போட்டா மேல் வரியும் கீழ் வரியும் கட்டிப் புரளும். ரெண்டு பக்கமும் நேரா வர்ற மாதிரி இழுத்து விடாதீங்க, நீள வார்த்தை வந்தா நடுவுல ஓட்டை ஓட்டையா தெரியும். இடப்பக்கம் மட்டும் நேரா இருக்கட்டும்.

படம் நானே வரைஞ்சேன், கோலி பாதி இடத்துல ஆந்தை மாதிரி இருக்கு, யாரும் கேக்கல. வரைய வரலைன்னா பிள்ளையையே வரைய சொல்லுங்க, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கால் பக்கம் காலியா விட்டுருங்க. ஆனா படம் எழுத்துல இருக்கிறத காட்டிக் குடுத்துறக்கூடாது. முதல் அத்தியாயத்துல கோலியோட முகத்த வரைஞ்சுட்டீங்கன்னா அந்த ரெண்டு கோலிக்குண்டு சஸ்பென்ஸ் போச்சு, இருட்டு கிளையும் ரெண்டு வட்டமும் மட்டும் போதும்.

ஏ4 தாள நடுவுல மடிச்சா ஒரு தாளுக்கு நாலு பக்கம். அதனால மொத்தப் பக்கம் நாலால வகுபடணும். ஒரு அத்தியாயத்துக்கு நாலு பக்கம்னு ஆறுக்கு 24, அட்டைக்கு 4, ஆக 28, ஏழு தாள். ஜெராக்ஸ் கடையில பிடிஎஃப்ப குடுத்து புக்லெட் மாதிரி ரெண்டு பக்கமும் போடணும்னு சொல்லுங்க, மொத காப்பி மட்டும் நீங்க நின்னு பாருங்க. நான் "போட்டு வைங்கண்ணே, வர்றேன்"னு காய் வாங்கப் போயிட்டேன், திரும்பி வந்தா ஒரு பக்கம் நேரா மறுபக்கம் தலைகீழா பத்து காப்பி. தாள் திரும்புறது குட்டைப் பக்கமா நெட்டைப் பக்கமாங்கற செட்டிங்தான் அது, குட்டைப் பக்கமா இருக்கணும். நடுவுல பின் அடிக்க சாதா ஸ்டேப்ளர் எட்டாது, நீளக் கை ஸ்டேப்ளர் கடையிலயே இருக்கும், இல்லாட்டி கோணூசியும் நூலும் வச்சு மூணு தையல் போடுங்க, அப்பத்தா தலையணை தைக்கிற மாதிரி. அது பின்ன விட உறுதி.

கையில குடுக்குற அன்னைக்கு

பாடப் புத்தகம் மாதிரி குடுக்காதீங்க. நான் சாயங்காலம் மாடியில, நெசமாவே அணில் வர்ற நேரத்துல குடுத்தேன். முதல் அத்தியாயம் நான் படிச்சேன், ரெண்டாவது ஆளுக்கு ஒரு பக்கம், மூணாவதுல இருந்து அவளே. தடுக்குனா மூணு எண்ணுற வரைக்கும் பொறுங்க, அப்புறம் வார்த்தைய சொல்லிக் குடுத்துட்டு போய்க்கிட்டே இருங்க, "எழுத்துக்கூட்டு"ன்னு நிறுத்தி வைக்காதீங்க. முடிச்சதும் "இந்தக் கதையில இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட"ன்னு கேக்கவே கேக்காதீங்க. வேணும்னா "அந்த வெட்டுக்கிளி எங்க போயிருக்கும்"னு கேளுங்க. எங்க வீட்டுல அதுக்கு இது வரைக்கும் நாலு பதில் வந்திருக்கு, அதுல ஒண்ணு, வெட்டுக்கிளி சாகல, சும்மா நடிச்சுச்சு, தாவிப் போயிருச்சு. என் புக்குல இருக்கிற பதில விட அது நல்லாருந்ததால ரெண்டாவது அச்சுல அதையே போட்டுட்டேன்.

எதிர்வீட்டுப் பிள்ளை ஒரு காப்பி வாங்கிட்டுப் போய் ஒரு வாரம் கழிச்சு திருப்பிக் குடுத்துச்சு, விருந்து அத்தியாயத்துல மட்டும் சாம்பார்க் கறை. அதனால அட்டைக்கு மேல அகலமான செல்லோடேப் ஒட்டிருங்க, காப்பி எப்பவும் ரெண்டு கூடவே போடுங்க.